அவிசுவாசிகள் நடுவுல விசுவாசியா வாழ்றது எப்படி? விலகியும் நிக்காம, கரைஞ்சும் போகாம

கேள்வி இதுதான். நான் இயேசுவை நம்பற விசுவாசி, ஆனா அக்கம்பக்கம், ஆபீஸ், சொந்தக்காரங்கன்னு சுத்தி இருக்கிற எல்லாருமே வேற நம்பிக்கைக்காரங்க, இல்லன்னா எந்த நம்பிக்கையும் இல்லாதவங்க. சபையில ஒருத்தர் "அவங்களோட ஒட்டாத, பிரிஞ்சு வா"ங்கறார், இன்னொருத்தர் "பாக்கற எல்லார்கிட்டயும் சுவிசேஷம் சொல்லலன்னா அவங்க ரத்தப்பழி உன்மேல"ங்கறார், இதுக்கு நடுவுல நான் தினமும் எப்படித்தான் நடந்துக்கறதுன்னு கேட்டிருக்கீங்க தம்பி.

நான் ரொம்ப வருஷமா சபையில வேதபாட வகுப்பு எடுக்கறவன், இந்தக் கேள்வி ஏதோ ஒரு ரூபத்துல வந்துட்டேதான் இருக்கும். அந்த ரெண்டு பேருமே வசனத்தை வச்சுத்தான் பேசறாங்க, அதை நான் மறுக்கல. ஆனா என் பதில் வேற. புதிய ஏற்பாட்டுல கண்டிப்பு எல்லாம் உள்ளுக்கு, தாராளம் எல்லாம் வெளிய. நம்ம ஆளுங்க அதை அப்படியே திருப்பிப் போட்டுட்டாங்க, வெளிய இருக்கறவங்க எப்படி வாழறாங்கன்னு கணக்குப் பாக்கறோம், நம்ம வீட்டுக்குள்ள, நம்ம சபைக்குள்ள நடக்கறதுக்கு மட்டும் தாராளமா சாக்கு வச்சிருக்கோம்.

இதை நான் சும்மா சொல்லல, 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. அப்போஸ்தலன் பவுல் அதுக்கு முன்னாடியே கொரிந்து சபைக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கார், அதுல விபச்சாரக்காரரோட கலக்காதீங்கன்னு சொல்லியிருக்கார், கொரிந்து சபை அதை "ஓ, ஊர்ல இருக்கிற மத்தவங்களோட சேரக்கூடாது போல"ன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. உடனே அடுத்த லெட்டர்ல திருத்தறார், நான் உலகத்து ஆளுங்களைச் சொல்லல, அப்படின்னா நீங்க உலகத்தை விட்டே இல்ல போகணும், நான் சொன்னது சகோதரன்னு பேர் வச்சுக்கிட்டு அப்படி நடக்கறவனைப் பத்தின்னு. அதோட நிக்காம, புறம்பே இருக்கறவங்களைப் பத்தி தீர்ப்பு சொல்றது என் காரியமாங்கற மாதிரி கேட்டுடறார். கி.பி. 55 வாக்குல எழுதினது, இன்னைக்கும் அதே இடத்துலதான் நாம தப்பாப் புரிஞ்சுக்கறோம்.

"அந்நிய நுகத்துல பிணைக்கப்படாதீங்க"ன்னு இருக்கேன்னு கேப்பீங்க, 2 கொரிந்தியர் 6:14, எல்லாரும் எடுத்துக் காட்டற வசனம். நுகம்னா ரெண்டு மாட்டை ஒரே கட்டையில பூட்டறது, ஒண்ணு போற பக்கம் இன்னொண்ணும் போயே ஆகணும். அப்படிப்பட்ட கட்டுக்குள்ள போகாதன்னுதான் அங்க இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரோட பேசறது, அவங்க புள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா வண்டி எடுக்கறது, ஆபீஸ்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடறது, இதெல்லாம் நுகம் கிடையாது. அதே பவுல்தான் அவிசுவாசி கூப்பிட்டா போய் சாப்பிடுன்னும் எழுதியிருக்கார், அதுக்குக் கீழ வர்றேன்.

இயேசு கடைசி ராத்திரி ஜெபத்துல, இவங்களை உலகத்துல இருந்து எடுத்துக்கோன்னு நான் கேக்கல, தீமையில இருந்து காப்பாத்துன்னுதான் கேக்கறேன்னு சொல்றார் (யோவான் 17:15). பாபிலோனுக்கு சிறையாப் போன யூத ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பின லெட்டரும் அதே வழிதான், வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அங்கயே பொண்ணு எடுங்க குடுங்க, அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. அவங்களை அடிச்சுப் பிடிச்சுட்டுப் போன ஊரு அது, அந்த ஊருக்காக ஜெபம் பண்ணச் சொல்றார்.

சரி, தினசரி வாழ்க்கையில இது எப்படி இருக்கும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒரு பிரசங்கமே இல்ல, ஒரு கப்பல் பயணம், அப்போஸ்தலர் 27. பவுல் அதுல கைதி. கப்பல்ல மொத்தம் 276 பேர், அதுல விசுவாசிகளை விரல் விட்டு எண்ணிடலாம், மத்தவங்க சிப்பாய், மாலுமி, மத்த கைதிங்க. பல நாளா புயல், சூரியனும் தெரியல நட்சத்திரமும் தெரியல, பொழைப்போம்ங்கற நம்பிக்கையே எல்லாருக்கும் போயிடுச்சு. அந்த நேரத்துல பவுல் எழுந்து நின்னு பேசறார், தன்னோட தேவனைப் பத்தி அவர் சொல்றது ஒரே வரி, "என்னை ஆட்கொண்டவரும் நான் சேவிக்கிறவருமான தேவனுடைய" தூதன் ராத்திரி வந்தான், யாருக்கும் உயிர்ச்சேதம் இருக்காதுன்னு சொன்னான், அதனால தைரியமா இருங்க. அவ்வளவுதான். அந்த ஒரு வரியில அவர் யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு, மறைக்கவும் இல்ல, இழுக்கவும் இல்ல. அப்புறம் மாலுமிங்க சத்தமில்லாம படகை இறக்கித் தப்பிக்கப் பாக்கறாங்க, அதை கவனிச்சு நூற்றுக்கு அதிபதிகிட்ட, அதாவது கைதிகளுக்குக் காவலா வந்த ரோமப் படை அதிகாரிகிட்ட, சொல்றவரும் பவுல்தான். பதினாலாவது நாள் விடியற நேரம், யாரும் சரியா சாப்பிடல, "சாப்பிடுங்க, நீங்க பொழைக்கறதுக்கு இது வேணும்"னு கெஞ்சறார், அப்பத்தை எடுத்து எல்லார் முன்னாடியும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லி பிட்டு தானே முதல்ல சாப்பிட ஆரம்பிக்கறார். அதைப் பாத்து அத்தனை பேருக்கும் தெம்பு வந்து சாப்பிடறாங்க.

இதுல கவனிக்க வேண்டியது நிறைய இருக்கு. அவர் ஜெபத்தை ஒளிச்சு வைக்கல, ஆனா கூட்டத்தைக் கண்ணை மூடச் சொல்லவும் இல்ல. அவங்க ஆத்துமா மேல அக்கறை இருக்கற மனுஷன்தான், ஆனா அந்த நேரத்துல அவங்க வயித்தைப் பாத்தார். அவர் ஜெபிச்சது தன் உயிருக்கு மட்டும் இல்ல, கூடப் பயணம் பண்ற எல்லாரையும் தேவன் அவருக்குக் குடுத்தார்னு எழுதியிருக்கு. கடைசியில கப்பல் உடையும்போது சிப்பாய்ங்க கைதிகளைக் கொன்னுடலாம்னு பாத்தப்போ, அந்த நூற்றுக்கு அதிபதி பவுலைக் காப்பாத்தணும்னு தடுத்ததால மத்த கைதிகளும் பொழைச்சாங்க. ஒரு விசுவாசி கூட இருந்ததால சுத்தி இருந்தவங்களுக்கு நல்லது நடந்துச்சு, சாட்சின்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது இதுதான். உங்க தெருவுல, உங்க டீம்ல நீங்க இருக்கறதால மத்தவங்களுக்கு ஏதாவது நல்லது நடக்குதா? அங்க இருந்து ஆரம்பிங்க.

கரை சேர்ந்த பிறகு இன்னொரு விஷயம் நடக்குது, அதை யாரும் பெருசா பேசறதே இல்ல. மெலித்தா தீவு, மழை, குளிரு, எல்லாரும் நனைஞ்சு நிக்கறாங்க. அந்தத் தீவு ஜனங்க நெருப்பு மூட்டி சேர்த்துக்கறாங்க. "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல"ன்னு எழுதியிருக்கு. அவங்க யாரும் விசுவாசிங்க இல்ல, அவங்க அன்பை முழு மனசோட வாங்கிக்கிட்டு நன்றியோட எழுதி வச்சிருக்காங்க. பவுல் என்ன பண்றார்னா, அந்த நெருப்புக்கு விறகு பொறுக்கிட்டு வர்றார், அப்போதான் பாம்பு கையைக் கவ்வுது. அப்போஸ்தலன் விறகு பொறுக்கறார்! பொது வேலை, யாரும் செய்யலாம், அவரும் செஞ்சார்.

நம்மள்ல நிறைய பேருக்கு குடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒரு உதவி கேக்க மாட்டோம், நாம எப்பவும் குடுக்கற இடத்துலயும் அவங்க எப்பவும் வாங்கற இடத்துலயும் இருக்கணும்னு ஒரு நினைப்பு, அது சாட்சி இல்ல, மேட்டிமை. இயேசு சமாரியப் பெண்ணுகிட்ட பேச்சை ஆரம்பிச்சதே "தாகத்துக்குத்தா"ன்னு கேட்டுத்தான். ஏணி வேணுமா, கேளுங்க. அவசரமா ஊருக்குப் போகணும், சாவியைக் குடுத்து வீட்டைப் பாத்துக்கச் சொல்லணுமா, சொல்லுங்க. ஒருத்தர்கிட்ட உதவி வாங்கினா அவரை நீங்க மனுஷனா மதிக்கறீங்கன்னு அவருக்குத் தெரியும், அந்த உறவுல அப்புறம் எதையும் மனசு விட்டுப் பேசலாம்.

இப்போ எல்லாரும் கேக்கற சாப்பாடு, விசேஷம் விஷயத்துக்கு வர்றேன், இதை நிதானமாப் பாக்கணும், ஏன்னா இங்கதான் ரெண்டு பக்கமும் அவசரப்படறாங்க. கொரிந்து ஊர்ல கோயிலும் விருந்தும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்துச்சு, அங்க தோண்டிப் பாத்தப்போ அஸ்கிலேப்பியு தெய்வத்தோட கோயில் வளாகத்துலயே சாப்பாட்டு அறைகள் கிடைச்சிருக்கு. விக்கிரகத்துக்குப் படைச்சதைப் பத்தி பவுல் 1 கொரிந்தியர் 8ல இருந்து 10 வரைக்கும் மூணு அதிகாரத்துல பேசறார், எல்லாத்துக்கும் ஒரே பதில் குடுக்கல. கோயில் பந்தியில போய் உக்கார்றது, அந்த ஆராதனையில பங்கெடுக்கறது, அது வேணாம், கர்த்தரோட பந்தியிலயும் அதுலயும் ஒண்ணா பங்கெடுக்க முடியாது. கடையில விக்கிற கறியா, ஒண்ணும் விசாரிக்காம வாங்கி சாப்பிடு. அவிசுவாசி வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடறாரா, போக மனசிருந்தா போ, வச்சதை சாப்பிடு, துருவித் துருவி கேக்காத. ஆனா அங்க யாராவது "இது படைச்சது"ன்னு எடுத்துச் சொன்னா சாப்பிடாத, உனக்காக இல்ல, சொன்ன அந்த மனுஷனோட மனசாட்சிக்காக. என்ன ஒரு நுணுக்கம் பாருங்க! ஆராதனைன்னு வரும்போது கதவை மூடறார், மனுஷங்களோட பழகறதுன்னு வரும்போது கதவைத் திறக்கறார், நடுவுல வர்றதுக்கு எதிர்ல இருக்கற ஆளைப் பாத்து முடிவெடுக்கச் சொல்றார்.

இதுல சபைக்கு சபை வித்தியாசம் இருக்கு, அப்போஸ்தலர் 15ல எருசலேம்ல கூடிப் பேசினப்போ படைச்சதை விலக்கணும்னே எழுதி அனுப்பினாங்க, அதைப் பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் சாப்பிடாதவங்க இருக்காங்க, அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்க மனசாட்சி இடம் குடுக்கலன்னா சாப்பிடாதீங்க, ரோமர் 14 அதைத் தெளிவாச் சொல்லுது. ஆனா சாப்பிடாம இருக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. அன்போட ஒருத்தர் நீட்டும்போது முகத்தைச் சுளிச்சு கையை இழுத்துக்கறது, வாங்கிட்டு அவங்க கண்ணு படற இடத்துல தூக்கிப் போடறது, இதெல்லாம் அவங்க மனசுல வருஷக்கணக்கா நிக்கும். நல்லா பழகின வீடுன்னா விசேஷத்துக்கு முன்னாடியே தனியா உக்காந்து சொல்லிடுங்க, "அண்ணா, நான் கண்டிப்பா வருவேன், வேலை எதுவா இருந்தாலும் குடுங்க செய்றேன், பூஜை நேரத்துல மட்டும் நான் தள்ளி இருப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க, எங்க நம்பிக்கையில அது முடியாது"ன்னு. நேரா, மரியாதையா, முன்கூட்டியே சொன்னா பெரும்பாலும் புரிஞ்சுக்குவாங்க, தங்கள் நம்பிக்கையை மதிக்கறவங்களுக்கு இன்னொருத்தரோட பக்தியும் புரியும். கடைசி நேரத்துல சாக்கு சொல்லி வராம போனாத்தான் அவமானப்படுத்தின மாதிரி ஆகும்.

கல்யாணம், பேர் வைக்கறதுக்கெல்லாம் போகலாமான்னா, என் பதில் போங்க. இது இன்னைக்கு வந்த தாராளம் இல்ல, தெர்த்துல்லியன்னு வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் பட்டணத்துல இருந்த ஒரு ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர், விக்கிரக ஆராதனைக்கு எதிரா ரொம்பக் கடுமையா எழுதினவர், அவரே பையன் பெரியவனாகற சடங்கு, நிச்சயம், கல்யாணம், பேர் வைக்கறதுக்கெல்லாம் கூப்பிட்டா போகலாம், அங்க பலி நடந்தாலும் நான் அந்த மனுஷனுக்காக வந்திருக்கேன், பலியில எனக்குப் பங்கில்லன்னு எழுதியிருக்கார். கி.பி. 197ல ஆட்சியாளர்களுக்கு எழுதினதுல, நாங்களும் உங்க சந்தைக்கு வர்றோம், குளிக்கற இடத்துக்கு வர்றோம், பட்டறைக்கு, சத்திரத்துக்கு வர்றோம், உங்களோட கப்பல் ஏறறோம், விவசாயம் பண்றோம்னு அவர் அடுக்கிட்டே போவார். இவ்வளவு கண்டிப்பான ஆளே ஒதுங்கி வாழறதை ஒரு பெருமையாச் சொல்லல.

வேலையில மாட்டிக்கற சங்கடம் தனி. சீரியா படைத்தளபதி நாகமான் கதை ஞாபகம் இருக்கும், 2 இராஜாக்கள் 5. குஷ்டம் சுகமாகி இனிமே கர்த்தரைத் தவிர வேற யாருக்கும் பலி இல்லன்னு சொன்ன மனுஷன், உடனே ஒரு சங்கடத்தைச் சொல்றார், என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது என் கையைப் பிடிச்சுக்குவார், நானும் குனிய வேண்டி வரும், கர்த்தர் அதை மன்னிக்கணும்னு. அவரைச் சுகமாக்கின எலிசா தீர்க்கதரிசி ஒரு லெக்சர் குடுப்பார்னு எதிர்பாப்போம், அவர் சொன்னது "சமாதானத்தோடே போ". இதை வச்சு எதையும் பண்ணலாம்னு நான் சொல்ல வரல. புதுசா விசுவாசத்துக்கு வந்து, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கறவங்களை நாம எவ்வளவு பொறுமையா நடத்தணும்னு இது காட்டுது.

சாவு வீட்டைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அங்க விசுவாசிங்க நிறைய பேர் தடுமாறிப் போறாங்க, சடங்கு நடக்குமேன்னு பயந்து வராமயே இருந்துடறாங்க. போங்க தம்பி, முதல் ஆளா போங்க. போய் பேச வேண்டியது எதுவும் இல்ல. நாற்காலி எடுத்துப் போடணும், யார் யாருக்கு போன் பண்ணனும்னு லிஸ்ட் வாங்கி பண்ணனும், டாக்டர் சர்டிபிகேட் வாங்க ஆள் வேணும், அழுது அழுது தொண்டை வறண்டு போனவங்களுக்குத் தண்ணி குடுக்கணும், சின்னப் புள்ளைங்களை யாராவது கூட்டிட்டுப் போய் சாப்பிட வைக்கணும், வர்ற வண்டிங்களை ஒழுங்குபடுத்தணும். சடங்கு ஆரம்பிச்சா ஓரமா அமைதியா நில்லுங்க, கையைக் கட்டிக்கிட்டு முறைச்சுப் பாக்க வேணாம். "அழுகிறவர்களுடனே அழுங்கள்"னு இருக்கு, அழற ஆள் விசுவாசியான்னு விசாரிக்கச் சொல்லல. அன்னைக்கு நித்தியத்தைப் பத்திப் பிரசங்கம் பண்றது, செத்தவங்க எங்க போனாங்கன்னு அபிப்பிராயம் சொல்றது, இது ரெண்டும் செய்யவே கூடாது. அப்புறம் கூட்டமெல்லாம் கலைஞ்சு, சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பி, வீடு வெறிச்சோடிப் போகும் பாருங்க, அப்போ மறுபடி போங்க. பேங்க் அக்கவுண்ட், பென்ஷன், இன்சூரன்ஸ்னு பேப்பரை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருப்பாங்க, பக்கத்துல உக்காந்து பார்ம் நிரப்பிக் குடுங்க. பேசணும்னு தோணினா அவங்களே பேசுவாங்க, நீங்க கேளுங்க.

மத்தவங்க தெய்வத்தைப் பத்தி எப்படிப் பேசறது? கிண்டல் பண்ணக்கூடாது, அவ்வளவுதான், மேடையிலயும் கூடாது, வாட்ஸ்அப் பார்வேர்டுலயும் கூடாது. எபேசு பட்டணத்துல பவுல் ரெண்டு மூணு வருஷம் இருந்தார், அர்த்தெமி தேவி கோயிலுக்குப் பேர் போன ஊரு அது, கைகளால செய்யப்பட்டது தேவர்கள் இல்லன்னு அவர் போதிச்சார்னு அவர் எதிரிங்களே சொல்றாங்க, போதனையில அவர் தயவு தாட்சண்யம் பாக்கல. ஆனா கலவரம் வெடிச்சப்போ அந்த ஊர் அதிகாரி, அவர் விசுவாசி இல்ல, கூட்டத்துக்கு முன்னாடி நின்னு என்ன சாட்சி குடுத்தார்னா, இவங்க கோயில் கொள்ளைக்காரங்களும் இல்ல, உங்க தேவியை தூஷிக்கறவங்களும் இல்லன்னு. அத்தனை வருஷம் ஒரு ஊர்ல ஊழியம் பண்ணின பிறகு, அந்த ஊர் ஆள் அப்படிச் சொல்ற அளவுக்கு அவங்க நாக்கு அடங்கி இருந்திருக்கு. அங்க ஆசியா நாட்டுத் தலைவர்கள்ல சிலர் பவுலுக்கு நண்பர்களா இருந்து, உள்ள போகாதீங்க ஆபத்துன்னு ஆள் அனுப்பியும் சொன்னாங்க. உண்மையைச் சொல்றதுக்கும் இன்னொருத்தர் புனிதமா நினைக்கறதைக் கேவலப்படுத்தறதுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு, நம்ம பசங்க சோஷியல் மீடியாவுல போடற சில போஸ்ட்டைப் பாக்கும்போது எனக்கு மனசு வலிக்குது.

வேலை இடம், பணம். இங்கதான் வெளிய இருக்கறவங்க நம்மளை ரொம்ப உன்னிப்பா பாக்கறாங்க. கி.பி. 112 வாக்குல பித்தினியா, பொந்து பகுதிக்கு பிளினின்னு ஒரு ரோம கவர்னர் இருந்தார், கிறிஸ்தவங்களைப் பிடிச்சு விசாரிச்சு பேரரசர் திராயானுக்கு ரிப்போர்ட் அனுப்பறார். அதுல என்ன இருக்குன்னா, இவங்க ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடி கூடறாங்க, கிறிஸ்துவை தேவனா வச்சுப் பாடறாங்க, அப்புறம் எல்லாரும் சேர்ந்து ஒரு உறுதி எடுக்கறாங்க, திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபச்சாரம் பண்ண மாட்டோம், வாக்கு தவற மாட்டோம், நம்பிக் குடுத்து வச்ச பொருளைத் திருப்பிக் கேட்டா இல்லன்னு சாதிக்க மாட்டோம். ரகசியமா என்னமோ சதி பண்றாங்கன்னு தேடிப் போன ஆளுக்குக் கிடைச்சது இதுதான்! இதே பித்தினியாவுக்கும் பொந்துவுக்கும்தான் பேதுரு அதுக்கு முன்னாடியே லெட்டர் எழுதியிருந்தார், புறஜாதிங்க நடுவுல உங்க நடக்கை நல்லதா இருக்கட்டும், உங்களைத் தப்பாப் பேசறவங்களே உங்க நற்கிரியைகளைப் பாக்கட்டும்னு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும், அந்த லெட்டர் போய்ச் சேர்ந்த சபைங்க அதை வாழ்ந்திருக்காங்க.

அதனால கடன் வாங்கினா சொன்ன தேதியில குடுங்க, முடியலன்னா தேதிக்கு முன்னாடியே போய்ச் சொல்லுங்க. ஜெபக்கூட்டத்துக்குப் போறேன்னு ஆபீஸ் வேலையை அடுத்தவர் தலையில கட்டாதீங்க. ஆபீஸ் நேரத்துல பைபிள் படிக்கறது பக்தி இல்ல, அந்த நேரத்துக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. வீட்டு வேலைக்கு வர்றவங்களுக்குக் கூலியைக் குறைச்சு பேரம் பேசிட்டு சபையில காணிக்கை போடாதீங்க. ஒரு சபைத் தலைவருக்கு இருக்க வேண்டிய தகுதியிலயே, புறம்பானவங்ககிட்டயும் நல்ல பேர் வாங்கியிருக்கணும்னு 1 தீமோத்தேயு 3:7 சொல்லுது, அதை எந்த சபையாவது ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அக்கம்பக்கத்துல விசாரிக்குதா, தெரியல, விசாரிக்கணும்னு நான் நினைக்கறேன்.

மேனேஜர் ரிப்போர்ட்ல தேதியை மாத்திப் போடச் சொல்றார், பில்லை ஏத்திக் காட்டச் சொல்றார்னா என்ன பண்றது? தானியேல் 1ஆம் அதிகாரத்தைப் படிங்க. பாபிலோனுக்குச் சிறையாப் போன தானியேல், ராஜாவோட சாப்பாட்டால தீட்டுப்படக்கூடாதுன்னு உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டார், ஆனா வெளிய வந்து கத்தல, அதிகாரிகிட்ட வேண்டிக்கறார். அந்த அதிகாரி ராஜாவுக்குப் பயப்படறாருன்னு புரிஞ்சுக்கிட்டு, அவர் தலைக்கு ஆபத்து வராத மாதிரி பத்து நாள் சோதிச்சுப் பாருங்கன்னு கீழ இருக்கற விசாரிப்புக்காரன்கிட்ட ஒரு மாத்து வழி குடுக்கறார். அதே தானியேல் பாபிலோன் பேரை ஏத்துக்கிட்டார், அவங்க எழுத்தையும் பாஷையையும் படிச்சார், அதுல சண்டை போடல. நீங்களும் அப்படிப் பேசலாம், "சார், இந்தத் தேதியை என்னால மாத்த முடியாது, ஆனா லேட் ஆனதுக்கு ஒரு விளக்கம் நான் எழுதித் தர்றேன், இன்னைக்கே உக்காந்து மிச்ச வேலையை முடிச்சுடறேன்"னு. மாட்டேன்னு சொல்றவன் கூடவே ஒரு வழியும் சொன்னா கேக்கறவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சில நேரம் அப்பவும் விளைவு கசப்பா இருக்கும், புரமோஷன் போகலாம், வேலையே போகலாம், அதை நான் மறைக்க மாட்டேன்.

அப்போ வாய் திறந்து சொல்றது எப்போ? நல்லவனா இருந்தா போதும், பேச வேணாம்னு சிலர் சொல்வாங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன், நல்லவங்க எல்லா நம்பிக்கையிலயும் இருக்காங்க, இயேசுவைப் பத்தி யாராவது சொன்னாத்தானே தெரியும். 1 பேதுரு 3:15 ஒரு வரிசையைக் காட்டுது, உங்களுக்குள்ள இருக்கிற நம்பிக்கையைப் பத்தி விசாரிச்சுக் கேக்கறவங்களுக்கு சாந்தத்தோடயும் வணக்கத்தோடயும் பதில் சொல்ல எப்பவும் தயாரா இருங்கன்னு. கேள்வி அங்க இருந்து வருது, பதில் இங்க இருந்து போகுது. கேள்வியே வரலன்னா இன்னும் சத்தமாப் பேசறது தீர்வு இல்ல, நம்ம வாழ்க்கையில கேக்கற மாதிரி ஏதாவது இருக்கான்னு பாக்கணும்.

கேட்டா தயங்காதீங்க. "எப்படிங்க இவ்வளவு கஷ்டத்துலயும் நிதானமா இருக்கீங்க"ன்னு யாராவது கேட்டா "அது அப்படித்தான்"னு மழுப்பக் கூடாது, "நான் இயேசுவை நம்பறேன், தினமும் அவர்கிட்ட பேசறேன், அதுதான் தாங்குது"ன்னு ரெண்டு வரியில சொல்லுங்க, சபை வார்த்தை வேணாம், அபிஷேகம், பாரம், வாசல் திறந்துச்சுன்னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. மேல கேட்டா மேல சொல்லுங்க. கேக்கலன்னா அங்கயே நிறுத்துங்க, பேச்சு மாறினா மாறட்டும். உடம்பு சரியில்லாதவங்களைப் பாக்கப் போனா, "உங்களுக்காக நான் ஜெபம் பண்ணலாமா"ன்னு கேளுங்க, சரின்னா சுருக்கமா, மெதுவா, அவங்க பேரைச் சொல்லி பண்ணுங்க, அறை முழுக்கக் கேக்கற மாதிரி கத்த வேணாம், பக்கத்து பெட்லயும் நோயாளி இருக்காங்க. வேணாம்னு சொன்னா சிரிச்ச முகமா "சரிங்க, வேற என்ன உதவி வேணும்"னு கேளுங்க, ஜெபத்தை வீட்டுக்கு வந்து பண்ணிக்கலாம், தேவனுக்கு அங்க இருந்தும் கேக்கும். மயக்கத்துல இருக்கறவங்க தலையணைக்குக் கீழ கைப்பிரதியைச் செருகிட்டு வர்றதெல்லாம் தயவுசெஞ்சு வேணாம்.

உதவியை விசுவாசத்தோட முடிச்சுப் போடாதீங்க, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். பீஸ் கட்ட உதவறேன், ஆனா ஞாயித்துக்கிழமை சபைக்கு வரணும்னு சொன்னா அது வியாபாரம். அவங்க வரலன்னதும் உங்க அன்பு குறைஞ்சா, அவங்களுக்கு அது உடனே தெரிஞ்சுடும், மறுபடி உங்களை நம்ப மாட்டாங்க. மூணாவது நூற்றாண்டு நடுவுல ரோமப் பேரரசு முழுக்க ஒரு கொள்ளைநோய் பரவுச்சு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தேசியு பேரரசர் காலத்துல கிறிஸ்தவங்களைத் தேடித் தேடி வதைச்சிருந்தாங்க. கார்த்தேஜ் பிஷப் சிப்பிரியான் தன் ஜனங்ககிட்ட நம்ம ஆளுங்களுக்கு மட்டும் பண்ணினா அதுல பெருமை இல்ல, மத்தவங்களுக்கும் பண்ணுங்கன்னு சொன்னார், அவங்களும் செஞ்சாங்க. அலெக்சாந்திரியாவுல நோயாளிகளைப் பக்கத்துல இருந்து கவனிச்சே நிறைய பேர் செத்துப் போனதா அங்க பிஷப்பா இருந்த தியோனிசியு எழுதி வச்சிருக்கார். அப்புறம் கி.பி. 362ல ஜூலியன் பேரரசர், அவருக்குக் கிறிஸ்தவங்களைக் கண்டாலே ஆகாது, பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டு வரணும்னு பாத்தவர், கலாத்தியாவுல இருந்த தன் பூசாரி ஒருத்தருக்கு எழுதறார், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவங்களை அவர் அப்படித்தான் சொல்வார்) அவங்க ஏழைகளை மட்டும் இல்லாம நம்ம ஏழைகளையும் பாத்துக்கறாங்க, நம்ம ஆளுங்க கிட்ட இருந்து நமக்கு உதவி இல்லங்கறது எல்லாருக்கும் தெரியுதுன்னு. எதிரி குடுத்த சர்டிபிகேட் அது, அதுக்கு மேல எதுவும் வேணாம்.

வீட்டுக்குள்ளயே அவிசுவாசி இருந்தா, கணவனோ மனைவியோ, பேதுரு சொல்றது போதனை இல்லாம நடக்கையினால ஆதாயப்படுத்துன்னு. தினமும் ஒரே வீட்டுல இருக்கறவங்களுக்கு உங்க பிரசங்கம் தேவையில்ல, நீங்க ஜெபக்கூட்டத்துல இருந்து வந்த பிறகு எப்படி நடந்துக்கறீங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க கூட இருக்க சம்மதிச்சா பிரியாதன்னு 1 கொரிந்தியர் 7 தெளிவா சொல்லுது, அதே இடத்துல, உன்னால அவங்க ரட்சிக்கப்படுவாங்களோன்னு உனக்கு என்ன தெரியும்னும் கேக்குது. அதனால ரத்தப்பழின்னு அந்த சகோதரர் சொன்னதுல கொஞ்சம் நிதானம் வேணும், எசேக்கியேல் வசனம் அது, காவற்காரனா தேவன் வச்ச ஒரு தீர்க்கதரிசிக்குச் சொன்னது. நம்ம பங்கு இருக்கு, உண்மைதான், ஆனா பவுல் நட்டார், அப்பொல்லோங்கற இன்னொரு ஊழியக்காரர் தண்ணி ஊத்தினார், விளையச் செஞ்சது தேவன்னு பவுலே பிரிச்சு வச்சிருக்கார். பயத்துல பேசற சுவிசேஷம் கேக்கறவங்களுக்கு நல்ல செய்தியா இருக்காது.

கடைசியா, புள்ளைங்க மத்த வீட்டு விசேஷத்துக்குப் போகலாமான்னு கேட்டிருந்தீங்க. போகட்டும், ஆனா முன்னாடியே வீட்டுல உக்கார வச்சுச் சொல்லிக் குடுங்க, அவங்க சாமி கும்பிடும்போது நீ ஓரமா அமைதியா நிக்கணும், யாரையும் கிண்டல் பண்ணக்கூடாது, எதுக்கு நீ பண்ணலன்னு கேட்டா "நாங்க இயேசுவைத்தான் கும்பிடுவோம்"னு சொன்னா போதும், அதுக்கு மேல கேட்டா அப்பாகிட்ட கேளுங்கன்னு சொல்லு. எட்டு வயசுப் புள்ளையை வாதாட விடாதீங்க. அதே மாதிரி கிறிஸ்துமஸுக்கு அவங்களை உங்க வீட்டுக்குக் கூப்பிடுங்க, வந்தவங்களை உக்கார வச்சு மெசேஜ் குடுக்கணும்னு இருந்தா அதைக் கூப்பிடும்போதே சொல்லிடுங்க, சொல்லாம கூப்பிட்டுட்டு பாஸ்டரை எழுப்பி விடாதீங்க. சும்மா விருந்துன்னு கூப்பிட்டா விருந்து மட்டும் போடுங்க.